சிள்வண்டா, ரயிலா?

என் மனைவி சுன்ரோங் உதட்டுச் சாயம் பூசி முடிப்பதற்குள் நான் ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸைத் தின்று, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிடுவேன். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு நேரம் கண்ணாடி முன்னால் நின்றதில்லை. பேரன் எடுத்த வயதில் யாருக்காக இந்தச் சாயம் என்று கேட்டால், "எனக்காக" என்பாள். சொல்லிவிட்டு நேராகப் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்ப்பாள். பாங் வந்துவிட்டானா என்று பார்க்கிறாள். எனக்குத் தெரியாதா?

பாங் வந்திருப்பான். அவன் வராத நாளே கிடையாது. சக்கரம் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு, வெள்ளை ஷூ போட்டு, தலைக்கு மையடித்து, எங்கள் குடியிருப்புக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் மாலை ஏழு மணிக்கு டாணென்று வந்து நிற்பான். நான்சோங் நகரத்துப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவியை இழந்தவன். ஜோடி ஆட்டம் தெரிந்தவன். இதெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அக்கம்பக்கத்துப் புருஷன்மார் நிம்மதியாக இருக்க முடியுமா? தினமும் அங்கே பாட்டுப் போட்டு ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஆட வரும் பெண்கள் எல்லாரும் அவனை "மாஸ்டர்" என்கிறார்கள். பஸ் ஓட்டியவன் மாஸ்டராம். அவனும் எல்லாப் பெண்களையும் குடும்பப் பெயர் சொல்லி மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். என் மனைவியை மட்டும் வெறுமனே "சுன்ரோங்" என்கிறான். அது நான் கூப்பிடும் பெயர்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் பெயர் ஜிங். கலப்பையும் கதிரறுக்கும் இயந்திரமும் செய்யும் ஆலையில் உலைப்பட்டறைக்காரனாக இருந்தவன். அங்கே சம்மட்டி இயந்திரம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தரை குதிக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனைப் பார்த்துச் சிரித்தவன் நான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே காதுக்குள் சிள்வண்டு கத்த ஆரம்பித்தது. கோடை மதியத்தில் மரத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு விடாமல் கத்துமே, அதே சத்தம். படுத்தால் அதிகம். சுற்றிலும் யாரும் பேசாமல் இருந்தால் இன்னும் அதிகம். மூன்று வருஷமாக எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. தூக்கம் கெட்டவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். எப்போதும் சிடுசிடுக்கிறவன் பக்கத்தில் எந்தப் பெண்டாட்டி உட்காருவாள்? சுன்ரோங் ஆடப் போனதே அதற்கப்புறம்தான். இந்தச் சத்தம் ஒழிந்தால் அவள் எனக்குத் திரும்பக் கிடைப்பாள். ஒழியாவிட்டால் அவள் எனக்கு இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் காதில் எதையோ மாட்டி, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். "நரம்பு தேஞ்சு போச்சுங்க ஐயா. பழகிக்கங்க" என்றார் மீசை முளைக்காத ஒரு டாக்டர். வீட்டுக்குள் புகுந்த திருடனோடு பழகிக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் சுன்ரோங் சொன்னாள்: "டாக்டர் யான் அம்மாகிட்டப் போய்ப் பாக்கலாம் கிழவா. நாடி பிடிச்சுப் பாத்துக் கஷாயம் எழுதித் தர்றாங்களாம். கைராசிக்காரங்களாம்."

"யார் சொன்னா?"

"மாஸ்டர்தான். தோள்வலிக்கு அவரு அங்கதான் ஊசி குத்திக்கிறாரு."

என் காதைப் பற்றி என் பெண்டாட்டி அவனிடம் பேசியிருக்கிறாள். ஆட்டத்துக்கு நடுவில், அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, என் காதைப் பற்றி.

"நான் வரல" என்றேன்.

"அப்ப உன் சிள்வண்டோடயே குடும்பம் நடத்து" என்றாள்.

போனேன்.

டாக்டர் யான் உட்காருவது ஒரு மருந்துக்கடையின் பின்கட்டில். ஒரு மேஜை, ஒரு நீள பெஞ்சு. வெளியே காத்திருங்கள் என்றால் எங்கள் ஊரில் யார் கேட்கிறார்கள்? முறைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஒருவருக்கு மலச்சிக்கல் என்றால் ஒன்பது பேர் கருத்துச் சொல்வார்கள். டாக்டர் யான் நாற்பதைத் தாண்டியவள்; கட்டையாக வெட்டிய முடி, சந்தைக்கே கேட்கிற குரல். நான் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர்ச் சுவரோரம் ஒரு தோளில் சட்டையை இறக்கிவிட்டு, அக்குபங்சர் ஊசிகள் குத்தி நிற்க, பாங்.

"ஜிங் அண்ணே, வாங்க வாங்க! நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்றான். பல் எல்லாம் தெரிந்தது. அதுவும் சொந்தப் பல்.

"நாக்கை நீட்டுங்க" என்றாள் டாக்டர். நீட்டினேன். பெஞ்சு முழுவதும் என் நாக்கைப் பார்த்தது.

"வெளுத்துக் கிடக்கே" என்றாள் காய்கறிக் கூடையோடு நின்ற ஒருத்தி.

டாக்டர் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சத்தம் எப்படி? சிள்வண்டு மாதிரி ஙீன்னு இழுக்குதா, இல்ல ரயில் மாதிரி தடதடன்னு உருளுதா?"

பெஞ்சு முழுவதும் முன்னால் சாய்ந்தது. இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் கீரை விற்கிறவருக்கும் தெரியும். ரயில் என்றால் கல்லீரலில் சூடு: கோபம், ரோஷம், சாராயம், மிளகாய். ஆம்பிளைக்கு வரக்கூடிய நோய். சிள்வண்டு என்றால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. ஓர் ஆணுக்குச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் அவன் சிறுநீரகத்தைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். அவன் பெண்டாட்டியைப் பற்றித்தான் யோசிப்பார்கள். என் பெண்டாட்டி எனக்குப் பின்னால் நிற்கிறாள். முன்னால் பாங், ஊசி குத்திய தோளை அசைக்காமல், தலையை மட்டும் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ரயில்" என்றேன்.

டாக்டரின் விரல் மணிக்கட்டைவிட்டு எழவில்லை. "ரயிலா?"

"சரக்கு ரயில். நெலக்கரி ஏத்தினது."

பின்னால் சுன்ரோங் இருமினாள். "அடடா, பாவம் அண்ணே" என்றான் பாங்.

"நாடி மெலிஞ்சு கிடக்கு. ரயில் ஓடுற நாடியாத் தெரியலையே" என்றாள் டாக்டர்.

"என் காது எனக்குத் தெரியாதாங்க?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். "மிளகாய் கூடாது. சாராயம் கூடாது. பதினோரு மணிக்குள்ள படுத்துரணும். கோபப்படவே கூடாது."

மூன்று வேளையும் மிளகாய் தின்கிற சிச்சுவானில் பிறந்தவனிடம் அதைத் தொடாதே என்கிறாள். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். பாங்கின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு கோபப்படாமல் இருப்பது எப்படி?

வழியில் சுன்ரோங் கேட்டாள். "சரக்கு ரயிலா?"

"இப்ப அப்படித்தான் கேக்குது."

"எப்ப மாறிச்சு?"

"இன்னிக்குக் காலைல."

அவள் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நடக்கிறாள் என்று தெரிந்தது.

மருந்து வந்தது. வேரும் பட்டையும் காய்ந்த பூவுமாகப் பொட்டலம் பொட்டலமாக. சுன்ரோங் அதை மண்சட்டியில் ஊறப்போட்டு, தினமும் இரண்டு தடவை காய்ச்சி வடிகட்டிக் கொடுத்தாள். அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறவில்லை. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. பாகற்காயை அதற்கப்புறம் தின்றால் இனிக்கும்.

காய்ச்சி முடித்த சக்கையைத் தெருவில் கொட்டுவது எங்கள் வழக்கம். போகிறவர் வருகிறவர் காலில் மிதிபட்டால் நோயாளியின் நோய் அந்தக் காலோடு போய்விடும். யார் காலோடு என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

குடியிருப்பு வாசலிலேயே கொட்டலாம். எல்லாரும் அங்கேதான் கொட்டுகிறார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றிப் போய், பாங் பெட்டியை நிறுத்தும் இடம் எதுவோ அங்கே, கல் பாவிய மூலையில் கொட்டினேன். சாயங்காலம் பால்கனியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். வந்தான். வெள்ளை ஷூவால் நன்றாக, நடுமத்தியில் மிதித்தான். 'எடுத்துட்டுப் போடா என் சிள்வண்டை' என்று மனசுக்குள் சொன்னேன். பாட்டு ஆரம்பித்தது. அவன் ஒரு காலைத் தூக்கி ஷூவின் அடியைப் பார்த்து, கல்லில் தேய்த்துவிட்டு, என் மனைவியின் இடுப்பில் கை வைத்தான்.

மறுநாளும் கொட்டினேன். அதற்கு மறுநாளும்.

"வாசல்ல கொட்டினா ஆகாதா? அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போறியே" என்று கேட்டாள் சுன்ரோங்.

"அங்கதான் ஆள் நடமாட்டம் ஜாஸ்தி" என்றேன்.

நோய் போயிற்றா? பாங் முன்னைவிடத் தெம்பாக ஆடினான். எனக்குத்தான் வயிறு கெட்டது. கல்லீரல் சூட்டைத் தணிக்கிற மருந்து, சூடே இல்லாதவன் வயிற்றில் போய் என்ன செய்யும்? சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. சிள்வண்டு ஒன்றுக்கு இரண்டாகக் கத்தியது. டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெஞ்சுக்கு முன்னாலா? குடலே வெளியே வந்தாலும் சொல்லமாட்டேன் என்று இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் மதியம் தூறல். சாயங்காலம் நின்றுவிட்டது. ஈரத்தில் என் சக்கை ஊறிப் பாசி மாதிரி கிடந்திருக்கிறது. பாங் அதைப் பார்த்துப் பெட்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தினான். பாட்டு ஆரம்பித்துவிட்ட அவசரத்தில் சுன்ரோங் குறுக்கே ஓடினாள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கால் சறுக்கியதையும் பார்த்தேன், விழுந்ததையும் பார்த்தேன். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படி இறங்குவதற்குள் பாங் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தான். நாலு மாடி. தோள்வலிக்காரன்! அவள் கை இரண்டும் அவன் கழுத்தைச் சுற்றி. நான் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டியிருந்தது.

"தோள் வலிக்கலையா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"இப்ப அதையா பாக்கறது அண்ணே? கதவைத் திறங்க."

சோபாவில் இறக்கினான். என் வீட்டு சோபாவில். நான் நன்றி சொன்னேன். அந்த வார்த்தை கஷாயத்தைவிடக் கசந்தது. அவன் போனதும் சுன்ரோங் காலை நீட்டினாள். கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல், கழற்றிய ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கறுப்பாக ஒட்டியிருந்த வேர்த்துண்டை நகத்தால் பெயர்த்தெடுத்தாள். காலையில் அவள் கையால் காய்ச்சிய வேர் அவளுக்குத் தெரியாதா?

"கிழவா, இது யாரு காலுக்கு வச்சது?"

"வழக்கம்தானே..."

"வழக்கம்! உனக்குக் காதுல சத்தம் மட்டும் வரல, புகையும் சேந்து வருது." வேரை என்மேல் எறிந்தாள். "முப்பது வருஷம் பட்டு ஆலையில கொதிக்கிற தண்ணிக்குள்ள கையை விட்டு நூல் எடுத்தேன். இந்தக் கையை நீ கடைசியா எப்பப் பிடிச்ச? யோசிச்சுச் சொல்லு. நான் காத்திருக்கேன்."

யோசித்தேன். அவளும் காத்திருந்தாள்.

"நான் இனிமே ஆடப் போகல. கால் சரியானாலும் போகல. வீட்லயே உக்காந்திருக்கேன். நீ என்னையே பாத்துக்கிட்டிரு. சந்தோஷமா?"

சந்தோஷம்தான். அவள் கால் வீங்கிக் கிடக்கும்போது அப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தேன்.

மறுநாள் கீழே இருந்து பாங் கத்தினான். "சுன்ரோங் ரெஸ்ட் எடுக்கட்டும் அண்ணே! உங்க காதுக்கும் இந்தச் சத்தம் ஆகாது. நாங்க ஆத்தங்கரைக்குப் போய் ஆடிக்கிறோம்!" பெட்டியை இழுத்துக்கொண்டு போனான். அவன் பின்னால் ஜோடி ஜோடியாக எல்லாரும் போனார்கள். சதுக்கம் காலியானது.

ஏழு மணிக்கு என் மனைவி என் பக்கத்தில் இருந்தாள். பாங் இல்லை, சாயம் இல்லை, பாட்டு இல்லை. மூன்று வருஷமாக எதைக் கேட்டேனோ அது அப்படியே கிடைத்துவிட்டது. சுன்ரோங் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சூரியகாந்தி விதையைக் கொறித்தாள். என்மேல் இருந்த கோபத்தில் டிவியைக்கூடப் போடவில்லை. பகலிலாவது சந்தை இருக்கிறது, சதுரங்கம் ஆடுகிறவர்களின் சண்டை இருக்கிறது. அந்தி சாய்ந்ததும் வீடு அடங்கியது. அடங்க அடங்க என் தலைக்குள் ஒரு காடே கத்தியது. இப்படி அது என்றைக்கும் கத்தியதில்லை. அவள் ஏதோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை அவள்.

அவள் காலுக்கு ஊசி குத்த டாக்டர் யானிடம் கூட்டிப்போனேன். பாங் அன்று அங்கே இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன். சுன்ரோங்கின் கணுக்காலைச் சுற்றி ஊசிகளை நட்டுவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினாள்.

"ரயில் எப்படி இருக்கு?"

"ஓடுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"டாக்டர், அது ரயிலே இல்ல" என்றாள் சுன்ரோங், காலில் ஊசியோடு, அறை முழுக்கக் கேட்கும்படி. "சிள்வண்டு. மூணு வருஷமா என்கிட்ட இதையேதான் சொல்லிச் சொல்லி அழறாரு. உங்க முன்னால உக்காந்ததும் சரக்கு ரயில் ஆயிருச்சு. வயித்தால போய்ப் போய்ச் சாகப் போறாரு, அதான் சொல்றேன்."

பெஞ்சு சிரித்த சிரிப்பில் மருந்துக்கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். காய்கறிக் கூடைக்காரி இன்றைக்கும் இருந்தாள். அவளுக்கு என்னதான் நோயோ. "சிள்வண்டுன்னு சொல்றதுக்கு என்னய்யா வெக்கம்? பாங் மாஸ்டர் இதே நாற்காலில உக்காந்து, 'பஸ் எஞ்சின் சத்தத்துல காது போச்சு, எனக்குச் சிள்வண்டு'ன்னு சத்தமாவே சொன்னாரு" என்றாள்.

அதிலும் அவன் முந்திக்கொண்டான். நோயைச் சொல்வதில்கூட.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் டாக்டர். "நாடி ஒண்ணு சொல்லிச்சு, உங்க வாய் ஒண்ணு சொல்லிச்சு. நான் நாடிக்குப் பாதி, வாய்க்குப் பாதின்னு எழுதினேன். முழுசா உங்க வாயை நம்பியிருந்தா இன்னிக்கு நடந்து வந்திருக்க மாட்டீங்க." பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். கரிய கிழங்கு, காந்தக்கல் பொடி, அதோடு தினமும் அக்ரூட்டும் கருப்பு எள்ளும். உள்ளங்கையால் இரண்டு காதையும் அழுத்தி மூடிக்கொண்டு, விரலால் பின்மண்டையைத் தட்டச் சொல்லிக் கொடுத்தாள். தட்டினால் உள்ளே பறை அடிக்கிற மாதிரி இருந்தது. "காலைலயும் படுக்கப் போகும்போதும் தட்டுங்க. ஆனா இதையும் கேட்டுக்கங்க. காது தேஞ்சது தேஞ்சதுதான். சத்தம் அடியோட போயிரும்னு நான் பொய் சொல்லமாட்டேன். வயிறு சரியாகும், தூக்கம் வரும், சத்தம் பின் வரிசைல போய் உக்காரும். அதைத் திரும்ப முன்னால கூப்பிடாம இருக்கறது உங்க வேலை."

"நான் எங்க கூப்பிடறேன்?"

"சத்தமில்லாத வீட்ல உக்காந்து அதையே கேட்டுக்கிட்டிருந்தா, அது கூப்பிடறதுதான். சுத்தி ஏதாவது ஒரு சத்தம் மிதமா ஓடிக்கிட்டிருக்கட்டும். சரி, ஒரு நாள்ல எந்த நேரம் உங்களுக்குக் கொறைவா இருக்கும்?"

சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஏழிலிருந்து ஒன்பது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்பேனே, அந்த இரண்டு மணி நேரம். பாங்கின் பாட்டு ஜன்னல் வழியாக வீடு முழுக்க நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் சிள்வண்டு கத்தியதாக ஒரு நாள்கூட எனக்கு நினைவில்லை.

"தெரியல" என்றேன்.

சுன்ரோங் என்னையே பார்த்தாள். "தெரியலையா?"

"தெரியல."

அவனை ஒழித்துக்கட்டுவதற்கு நான் பட்ட பாடு என்ன, கடைசியில் எனக்கு மருந்து அவன் பெட்டிக்குள் இருக்கிறதென்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பெட்டி இல்லாமல் சமாளித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். வானொலியில் நாடகப் பாட்டு வைத்தேன். அந்தத் தாளச் சத்தம் சம்மட்டி இயந்திரத்தை நினைவுபடுத்தியது. குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்; சுன்ரோங் திட்டி மூடினாள். பாங் போடும் அதே பாட்டுகளைத் தேடிப் பிடித்துக் கைபேசியில் போட்டேன். அது ஙீஙீ என்று இன்னொரு சிள்வண்டு மாதிரி கத்தியது. புது மருந்தில் வயிறு தேறியது, விடியலில் கொஞ்சம் தூங்கினேன். ஆனால் சாயங்காலம் வந்தாலே எனக்குப் பயம் வந்தது.

சுன்ரோங்கின் கால் சரியாகிவிட்டது. கடைக்குப் போனாள், படி ஏறி இறங்கினாள். ஏழு மணிக்கு மட்டும் சொன்ன சொல் தவறாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் பின்னினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சண்டைகூடப் போடவில்லை. அவள் கண்ணாடி பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அவளை வீட்டில் பிடித்து வைத்துவிட்டேன், ஆனால் பிடித்து வைத்தவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். வாடகைக்கு வந்தவள் மாதிரி.

ஒரு நாள் ஆறரை மணிக்கு நான் சொன்னேன். "ஆத்தங்கரைக்குப் போலாமா?"

"எதுக்கு?"

"காத்து வாங்க."

"காத்து வாங்க" என்று திருப்பிச் சொன்னாள். ஊசியைப் பின்னலில் குத்தி வைத்துவிட்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போனாள். நான் நூடுல்ஸ் சாப்பிட்டுக் கிண்ணத்தையும் கழுவினேன்.

ஜியாலிங் ஆற்றங்கரையில் விளக்கு போட்டிருந்தார்கள். ஜோடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு பாங் ஓடிப் போய்ப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தான். பாட்டு மெலிந்தது. உடனே சிள்வண்டு ஆரம்பித்தது.

"ஏன் கொறச்ச?" என்றேன்.

"உங்க காதுக்காகத்தான் அண்ணே."

"பழையபடி வை."

"இல்ல அண்ணே, உங்களுக்குக் கஷ்டமா..."

"வைடான்னா வை!"

வைத்தான். நான் படியில் உட்கார்ந்தேன். சத்தத்தைத் தேடிப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன், தொலைந்த சாவியைத் தேடுவதுபோல இந்தக் காதிலும் அந்தக் காதிலும். கிடைக்கவில்லை. மூச்சு தானாக நீண்டு போயிற்று. தோள் இரண்டும் இறங்கின. இத்தனை நாளாக அவற்றைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பாங் என் மனைவி முன்னால் போய்க் கையை நீட்டினான். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ வர்றியா கிழவா?"

"எனக்கு ஆடத் தெரியாது."

"கத்துக்கலாம்."

"உன் கால் இப்பதான் சரியாயிருக்கு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு போய் அவன் கையைப் பிடித்தாள்.

ஆற்றைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அவன் உள்ளங்கை அவள் முதுகில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்த்தேன். அவன் தள்ளும் முன்பே அவள் திரும்புவதைப் பார்த்தேன். அவள் முகத்தை நிமிர்த்தி, கண்ணை அரைவாசி மூடி, இருபது வயதில் பட்டு ஆலை வாசலில் எனக்காக நின்றாளே, அந்த மாதிரி இருந்தாள். நெஞ்சு எரிந்தது. எழுந்து போய் அந்தப் பெட்டியை ஆற்றில் தள்ளிவிடலாம் என்றிருந்தது. காது மட்டும் ஆறிக்கொண்டே இருந்தது. சுகமாக இருந்தது. ஒன்று இல்லாமல் இன்னொன்று கிடையாது என்று யாரோ என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்குப் பாட்டு நின்றது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்காக அதோடு நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாரும் கைதட்டிவிட்டு மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பாங் பெட்டியை அணைக்கக் குனிந்தான். சுன்ரோங் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். வரட்டும், வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன். அதற்குள் அது ஆரம்பித்துவிட்டது. முதலில் இடது காதில். அப்புறம் இரண்டிலும்.

"பாங்!" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். சுன்ரோங் பாதி வழியில் நின்றாள்.

"இன்னும் ஒரு பாட்டு போடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் கை தானாகக் காதுக்குப் போயிருந்தது, அதையும் பார்த்தான். கேலி செய்யவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எதைப் போட, அண்ணே?"

"எதையாவது போடு" என்றேன். "நீளமானதாப் பாத்துப் போடு."

அவன் தேடிப் போட்டான். பிறகு நிமிர்ந்து, பாதி வழியில் நின்ற என் மனைவியிடம் போய்க் கையை நீட்டினான்.